குரலுக்காக ஜெபித்தேன், பெட்டி வந்தது

எனக்குக் குரல் போனது மழைக்காலத்தில். சளி என்றுதான் நினைத்தேன். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகக் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று பஸ்ஸில் அலைகிறவனுக்குச் சளி பிடிக்காவிட்டால்தான் அதிசயம். மழை விட்டது. குரல் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. தொண்டை டாக்டர் கண்ணாடி விட்டுப் பார்த்தார். குரல் நாண் தடித்திருக்கிறது என்றார்.

"பேசறதை நிறுத்துங்க. முழுசா சரியாகுமான்னு என்னால சொல்ல முடியாது."

பேசுவதுதான் என் வேலை. ஒரு நோயாளி வெளியே வந்து அடுத்தவர் உள்ளே போவதற்குள், மாத்திரையின் பெயரை டாக்டர் மனதில் பதிய வைக்க வேண்டும். இலங்கையிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் திரும்பி வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நாங்களும் அப்படித்தான் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்தோம். இங்கே எங்களுக்கு நிலமில்லை, சொந்தக்காரர்கள் இல்லை. என் சம்பளம் மட்டும் இருந்தது.

கோயமுத்தூரிலிருந்து மேனேஜர் வந்தார். ஒரு நாள் முழுக்க என்னோடு கிளினிக்குகளுக்கு ஏறி இறங்கினார். மாலையில் டீ வாங்கிக் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வாயில்லாத ரெப்பை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்."

என் மனைவி எஸ்தர் அழவில்லை. "நான் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போறேன். இலங்கையில எங்கம்மா எடுத்தாங்கதானே" என்றாள். அழுதது நான்தான்.

கர்த்தாவே, என் குரலைத் திருப்பித் தாரும். வேறெதுவும் கேட்கவில்லை. உதடு அசையும், சத்தம் வராது. பிறகு கேட்கவும் களைத்துப்போனேன். முழங்காலில் இருப்பேன், அவ்வளவுதான். சில நாள் அப்படியே தூங்கிவிட்டேன்.

குரல் வரவில்லை. டாக்டர்களின் வாசலில் பழக்கமான மருத்துவக் கருவி வியாபாரி ஒருவர் வந்தார்.

"ஏனுங்க, எங்க ஆளுக யாரும் பெட்டியைத் தூக்கிட்டு மலையேற மாட்டேங்கறாங்க. நீங்க போறீங்களா?"

பெட்டிக்குள் இருந்தது காலால் மிதித்து இயக்கும் சக்‌ஷன் கருவி. மூச்சடைத்தவரின் தொண்டையிலிருந்து சளியை உறிஞ்சி எடுப்பது. சாம்பிள் பை மாட்டிப் பழகிய தோளுக்கு அந்தக் கனம் தாங்கவில்லை. குரல் கேட்டவனுக்கு இரும்பைத் தருகிறீரே என்று மனத்தாங்கலோடுதான் பஸ் ஏறினேன்.

முதலில் போனது ஓவேலிப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரி. புதிதாக வந்திறங்கிய குடும்பங்களால் அங்கே பிரசவங்கள் கூடியிருந்தன. டாக்டர் "சொல்லுங்க" என்றார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"என்னங்க, மௌன விரதமா? விலையைச் சொல்லவாவது வாயைத் திறப்பீங்களா?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் ரோஸ்லின் சிஸ்டரும் சிரித்துவிட்டார்.

பேச வழியில்லாமல் பெட்டியைத் தரையில் வைத்தேன். குழாயை சிஸ்டர் கையில் கொடுத்து, மிதியைக் காட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு டம்ளர் கஞ்சி கொண்டுவந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தார். கஞ்சி முழுவதும் ஜாடிக்குள் ஏறியது. அவர் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"டாக்டர், கரண்ட் இல்லாட்டியும் ஓடுது. போன மழைக்கு மூச்சு வராம பிறந்த ஒரு பிள்ளைக்கு ரப்பர் குழாய் வச்சு நான் வாயாலதானே உறிஞ்சினேன். பிள்ளை தங்கலையே."

டாக்டர் ஜாடியைத் தூக்கிப் பார்த்தார். "பெட்டி இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

மருந்து விற்ற காலத்தில் பேசி முடித்ததும் வெளியேறிவிடுவேன். அந்த மாத்திரை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்த்ததில்லை. கருவி விற்றவன் திரும்பிப் போக வேண்டும்; வாஷர் மாற்ற வேண்டும், குழாய் மாற்ற வேண்டும். அடுத்த மழையில் அப்படிப் போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பெட்டி எடுத்துக் கொடுத்த பிள்ளை இதுதான்" என்றார் சிஸ்டர். "பிறந்தப்ப நீலம் பாரிச்சிருந்துச்சு. சத்தமே இல்லை."

அந்தத் தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரா? ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரே."

குழந்தை என் முகத்தைப் பார்த்து வீரிட்டு அழுதது. வராந்தா முழுக்கக் கேட்டது. நான் தலையைக் குனிந்து மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

என் குரல் பிறகு மெல்லத் திரும்பியது, இன்றும் பாதிதான். எஸ்தர் கொழுந்தெடுக்கப் போக வேண்டி வரவில்லை. மலையேறும் நாட்களில் தோள் வலிக்கிறது, நன்றியோடு தூக்குகிறேன். இதை வாசிக்கும் உங்களில் யாராவது ஜெபிக்கவும் சொல் வராமல் களைத்திருக்கலாம். வராத சொல்லைத் தேட வேண்டாம். முழங்காலில் அப்படியே இருங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். அதையும் அவர் ஜெபமாக எடுத்துக்கொள்கிறார்.