லண்டன் மணிக்கூட்டில் ஒன்பது மணி

முதலில் வாசிப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள். இங்கிலாந்துத் தொலைக்காட்சியின் சரித்திரத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. அந்தச் சரித்திரத்தில் எங்கள் வீட்டுக்குச் சேர வேண்டியது சில விநாடிகள்தான். அதையும் நான் பார்க்கவில்லை.

என் அண்ணா லண்டனுக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. அப்போது அந்த நாட்டில் மொத்தமே மூன்று தொலைக்காட்சிச் சேவைகள்தான் இருந்தனவாம். நாலாவது தொடங்கிய நாளன்று, அண்ணா வேலை முடிந்து வரும் வழியில், ரீவி விற்கும் கடையொன்றின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். செய்திக்காகப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் அவரிடம் மைக்கை நீட்டி, புதுச் சேவையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அண்ணா ஏதோ சொல்லிச் சிரித்தாராம். கடிதத்தில் இவ்வளவும் எழுதியவர், என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் கேட்போம் என்று அம்மா சொன்னா. கேட்டோமா என்று எனக்கு நினைவில்லை.

இரண்டு வருடத்தில், வேலைக்குப் போகும்போது கார் அடித்து அண்ணா செத்துப்போனார். அவர் பேசி அனுப்பிய கசற் ஒன்று எங்களிடம் இருந்தது. இடம்பெயர்ந்தபோது அது போய்விட்டது. முகத்துக்கு ஒரு ஸ்ரூடியோப் படம் இருக்கிறது. குரலுக்கு ஒன்றும் இல்லை. அவர் எப்படிப் பேசுவார் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே கேட்பதில்லை.

அண்ணாவோடு ஓர் அறையில் இருந்தவர் இன்னும் லண்டனில்தான் இருக்கிறார். அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். தைப்பொங்கலுக்கும் அண்ணாவின் திவசத்துக்கும் போன் எடுப்பார். போன ஒக்ரோபர் முடிகிற நேரம், இரண்டும் இல்லாத ஒரு நாளில் எடுத்தார்.

"பிள்ளை, கொண்ணை ரீவியிலை வாறான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நாலாவது சேவை தொடங்கி நாற்பது வருடம் நிறைகிறதாம். அதற்கு ஒரு நிகழ்ச்சி செய்து, அந்த நாள் பிடித்த பழைய படங்களைப் போடுகிறார்களாம். விளம்பரத்தில் அண்ணாவின் முகம் வந்து போனதாம்.

"என்ன சொன்னவர் அண்ணை?"

"விளம்பரத்திலை சத்தம் இல்லை, பாட்டுத்தான் போகுது. முழுக்கப் புதன்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்குப் போடுவாங்கள். நான் போனிலை பிடிச்சு அனுப்பவோ?"

"வேண்டாம் அண்ணை, உங்களுக்கேன் கரைச்சல். இஞ்சை எங்கடை இன்ரநெற் ரீவிப் பெட்டியிலை அந்தச் சனல் வரும்."

வேண்டாம் என்ற அந்த ஒரு சொல்லை எத்தனை தரம் திரும்ப யோசித்திருப்பேன். லண்டனில் வேறு உறவுக்காரரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் சொல்லவில்லை. அண்ணாவைப் பற்றிப் பேச வெளிக்கிட்டால் அழுதுவிடுவேனோ என்று கூச்சம்.

எங்கள் வீட்டில் வருடக் கணக்கு வைப்பது திவசத்துக்குத்தான். ஒரு ரீவிச் சேவைக்கும் அப்படிக் கணக்கு வைத்திருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

கனடாவில், அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு ஹோலில் இரண்டு மணிக்கூடுகள் தொங்குகின்றன. ஒன்று எங்கள் நேரம். மற்றது லண்டன் நேரம், ஐந்து மணித்தியாலம் முன்னுக்கு. சொந்தக்காரர்களை நித்திரையில் எழுப்பக்கூடாது என்று கணவர் மாட்டியது. இங்கே வருடத்தில் இரண்டு தரம் நேரத்தை ஒரு மணித்தியாலம் மாற்றும்போது கதிரையில் ஏறி இரண்டையும் ஒன்றாக மாற்றுவார். அவர்களும் மாற்றுகிறார்கள், நாங்களும் மாற்றுகிறோம், எப்போதும் ஐந்துதான் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தோம்.

புதன்கிழமை பின்னேரம் லண்டன் மணிக்கூட்டில் ஒன்பது ஆனபோது ரீவிக்கு முன்னால் இருந்தோம். எங்களுக்கு நாலு மணி. ஒரு வெள்ளைக்காரச் சோடி வீடு பார்த்துக்கொண்டு திரிந்தது.

"உம்மடை அண்ணர் இவைக்கு வீடு காட்ட வாறாரோ?" என்றார் கணவர்.

"பகிடியை விடுங்கோ. சனல் மாறிப்போச்சோ?"

"இதுதான் சனல். பெட்டிக்காரன் எழுதித் தந்தவன்." மேலேயும் கீழேயும் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அதற்கே வந்தார். "பொறும், வரும்."

வரவில்லை. நாலரை மணிக்கும் அந்தச் சோடி ஒரு குசினியில் நின்று அலுமாரிகளைத் திறந்து பார்த்தது. பாண் பக்கற்றில் அடைக்கும் பேக்கரியில் எனக்குப் பின்னேர வேலை. நாலு நாற்பதுக்கு பஸ்.

"இண்டைக்கு வரேல்லை எண்டு போன் பண்ணிச் சொல்லும்."

"என்ன காரணம் சொல்லுறது?"

"அண்ணர் ரீவியிலை வாறார் எண்டு சொல்லும்."

அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். எந்த அண்ணன், எப்போது செத்தவர், ஏன் இப்போது வருகிறார் என்றெல்லாம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? "நிகழ்ச்சியை நிப்பாட்டிப்போட்டாங்கள் போலை" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டேன். பிறம்ரனில் வேர்ஹவுஸ் வேலைக்கு விடியவே போகிறவர் கணவர். நான் வெளிக்கிட்டதும் ரீவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண்ணின் பையில் லீக்ஸ் இருந்தது. வேறு ஒன்றும் நினைவில்லை.

வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். இடைவேளையில் எடுத்துப் பார்த்தேன். அண்ணை குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். சாப்பாட்டு அறையின் மூலையில் காதோடு வைத்துக் கேட்டேன்.

"பாத்தனியோ பிள்ளை? இப்பதான் முடிஞ்சது, இஞ்சை பத்து மணி. அவன்தான். அந்த மண்ணிறக் கோட்டு என்ரையடி, இரவல் வாங்கிக்கொண்டு போனவன். நல்லாக் கதைச்சான். ஆனால் என்ரை காது இப்ப சரியில்லை. ஒரு சொல்லும் பிடிபடேல்லை. நீ கேட்டிருப்பாய்தானே. என்ன சொன்னவன்? எனக்கொருக்கா எழுதிவிடு."

பதிவு வந்த நேரம் ஆறு மணி என்று போனில் இருந்தது. அவர் பத்து மணி என்கிறார். விரலை மடக்கி எண்ணினேன். நாலு. திரும்பவும் எண்ணினேன். நாலுதான். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ்காரியிடம் கேட்டேன். தங்கச்சி லண்டனில் இருப்பதால் அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கே போன ஞாயிறே நேரத்தைப் பின்னுக்கு வைத்துவிட்டார்களாம். எங்களுக்கு வருகிற ஞாயிறு. நடுவில் இந்த ஒரு கிழமை மட்டும் நாலு மணித்தியாலமாம். லண்டனில் ஒன்பது ஆனபோது எங்களுக்கு ஐந்து.

மணி அடித்தது. போய் பாண் அடைத்தேன்.

மறுநாள் காலை அண்ணைக்கு எடுத்து, நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் யாரையோ பிடித்து இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்தார். நிகழ்ச்சி இருந்ததாம், பழைய படத் துண்டுகளை உரிமைப் பிரச்சினையென்று அதில் வெட்டிவிட்டார்களாம். பெட்டி விற்ற கடையில் கேட்டேன். அதில் திரும்பப் பார்க்கிற வசதி இல்லை என்றார்கள். கணவர் லண்டன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தார். நாலு நாற்பது பஸ்ஸில் நான் வேலைக்குப் போனேன்.