பாறைக்கு அடியில் பேச்சியம்மாளின் தண்ணீர்

1979 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கு மதுரையில் திருச்சி பஸ் ஏறினோம். உடன் வந்தவர் அலுவலக நண்பர் முத்தையா. கொட்டாம்பட்டிக்கு அருகே அவருடைய அக்கா பேச்சியம்மாள் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். அன்று பாறைக்கு வெடி.

மேலூர் தாண்டியதும் கால்வாய்கள் தீர்ந்து, செம்மண்ணும் பாறையும் தொடங்கின. எட்டு மணிக்கு இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தோம்.

நாற்பது வயது வரை பிறர் வயலில் களையெடுத்தவர் பேச்சியம்மாள். இப்போது ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் சொந்தம். இவ்வளவு சின்ன நிலத்துக்குக் கிணறு எதற்கு என்று கேட்டு, வங்கியில் கடன் மனுவைத் திருப்பிவிட்டார்கள். அவரும் கணவர் சின்னையாவும் இரண்டு கோடைகளில் முப்பதடி தோண்டியிருந்தார்கள். அதற்குக் கீழே பாறை.

பத்து மணிக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் வந்தார். பத்து ஏக்கரும் மோட்டாரும் உள்ளவர்.

"நீ தோண்டுனா என் கிணறு வத்திரும். நிறுத்து."

பேச்சியம்மாள் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "ஏழு வருசமா உங்க மோட்டார் ஓடுதே. என் காட்டுக்கு அடியில கெடந்த தண்ணியும் சேந்துதானே வந்துச்சு? என்னையக் கேட்டா எடுத்தீக? பூமிக்குக் கீழ யாரும் வேலி போடலண்ணே."

"விட்டுரலாம்க்கா, பெரிய எடம்" என்று முத்தையா முணுமுணுத்தார்.

"நீ இந்த ஊர்ல இருக்கணும்ல?" என்றார் தோட்டக்காரர்.

"இருக்கத்தான் தோண்டுறேன்."

வெடிக்காரர் எல்லோரையும் விலகச் சொன்னார். பத்தரைக்கு வெடித்தது. தூசி அடங்க வெகுநேரம் ஆயிற்று. சின்னையா கயிற்றைப் பிடித்து இறங்கினார். சற்று நேரத்தில் கீழிருந்து அவர் குரல் கேட்டது.

"வடக்கு மூலையில கசியுது!"

தோட்டக்காரர் வரப்பில் நடந்து மறைந்தார். இரண்டு மணிக்கு முழங்கால் அளவு தண்ணீர். முதல் வாளியில் ஒரு கை அள்ளிக் குடித்த பேச்சியம்மாள், "உப்பு இல்லடா தம்பி" என்றார். அப்போதுதான் அழுதார். அரை ஏக்கருக்குக் கத்திரி வைக்கப் போதும் என்றார் சின்னையா. நடுக்கோடையில் ஊறிய தண்ணீர் அது!

விடைபெறும்போது, "அடுத்த வருசம் வத்திட்டா?" என்று கேட்டேன்.

"இன்னும் ஆறடி எறங்குவோம் சார்."

ஐந்து மணி பஸ்ஸில் முத்தையா, "நான் பயந்துட்டேன் சார்" என்றார். நானும்தான் என்றேன். எங்கள் அலுவலகத்தில் மேலதிகாரி குரலை உயர்த்தினாலே நாங்கள் இருவரும் எழுந்து நின்றுவிடுவோம். மறுநாள் திங்கட்கிழமை. இனி உட்கார்ந்தபடியே பதில் சொல்வது என்று, மேலூர் வருமுன் முடிவு செய்தோம்.