சொர்ணம் போட்ட இரண்டாவது கணக்கு

1962-ல் மழை பொய்த்து, கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கூலி வேலை அருகிப்போனது. வேலை தேடியவர்கள் யார், அதில் கிடைக்காதவர்கள் யார் என்று வீடு வீடாக விசாரித்து வந்தவள் சொர்ணம். பஞ்ச நிவாரண ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தா. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அவள் ஆத்தா மூக்காயியும் வேலை கிடைக்காதவர்களில் ஒருத்தி.

அதிகாரி பெரியண்ணன் கூட்டிப் பார்த்தார். வேலையில்லாதவர்கள் நூறு பேர். அறுபது ஆண், நாற்பது பெண்.

"ஆம்பளைகதான் அதிகம். கண்மாய் வெட்டுற வேலைய முழுசா அவங்களுக்கே குடுத்துருவோம்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். வந்ததும் உத்தரவில் கையெழுத்து.

சொர்ணம் நோட்டைப் பிரித்தாள். வேலை தேடிய ஆண்கள் முந்நூறு பேர். அதில் அறுபது பேருக்குக் கிடைக்கவில்லை என்றால், ஐந்தில் ஒருவர். பெண்களில் வேலை தேடியவர்களே எண்பது பேர்தான். நாற்பது பேருக்கு இல்லை. பாதிக்குப் பாதி! கூட்டத்தில் ஆண் தலை அதிகம் தெரிகிறது; ஆனால் வேலைக்கென்று கிளம்புகிற ஒருத்தி வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு ஆணைவிட இரண்டரை மடங்கு.

தப்பாகப் போட்டிருந்தால்? மறுபடி போட்டாள். அதே விடை. சரியாக இருந்தது இன்னும் பயமாக இருந்தது. இனி சொல்லாமல் இருக்க முடியாது. இந்த மாதத்தோடு வேலை போனால் ஆத்தாவுக்கு என்ன பதில் சொல்வது?

அவர் வந்ததும் எழுந்து நின்றாள்.  கணக்கைச் சொல்லி முடித்தாள்.

பெரியண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க ஆத்தாவும் அந்த நாப்பதுல இருக்காங்கல்ல?"

அவள் நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். "இருக்காங்க சார். அவங்கள விட்டுட்டுப் பாருங்க. எழுபத்தொம்பதுல முப்பத்தொம்பது. அப்பவும் பாதிக்கிட்டதான் வருது."

அவர் பென்சிலை எடுத்துத் தானே போட்டுப் பார்த்தார்.

"நான் யாரு அதிகம்னுதான் பாத்தேன்," என்றார் கடைசியில். "சரி, உக்காரும்மா. பொம்பளைகளையும் சேத்துருவோம்."

செய்தி ஊருக்குள் பரவியது. டீக்கடை வாசலில் அந்த அறுபதில் ஒருவனான ராக்கன் மறித்தான். "எங்க கூலியில மண்ணப் போட்டுட்டியே!"

அவள் ஓட்டமாக வீடு வந்து சேர்ந்தாள். அதற்குப்பின் பல வாரம் அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. கண்மாயில் ராக்கன் மண்வெட்ட, அவன் பெண்சாதி கூடை சுமந்தாள் என்று ஆத்தா வந்து சொன்னபோதும் சொர்ணம் சுற்றுவழியில்தான் ஆபீசுக்குப் போனாள்.