டப்பிங் அறையின் போர்வைகள்

டி.வி. தொடரின் இருபது வயதுக் கதாநாயகி வாயைத் திறந்தால் பார்க்கிறவர்கள் உருகிப்போவார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி, நாற்பத்தைந்தைத் தாண்டிய டப்பிங் அக்கா. அவள் வாயைத் திறந்தால் முதலில் வருவது தும்மல்தான்.

சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா. இன்ஹேலர் கைப்பையிலேயே குடியிருந்தது. வீட்டில் எப்படியோ சமாளித்துவிடுவாள். டப்பிங் அறைக்குள் கால் வைத்தால் போதும், மூக்கு அடைத்துக்கொள்ளும், இருமல் பிடித்துக்கொள்ளும், நெஞ்சு விசிலடிக்கும். மைக்கோ பொல்லாதது, அந்த விசிலையும் பிடித்துவிடும்.

சவுண்ட் என்ஜினியர் தங்கமான மனுஷன். இருமல் எதிரொலிக்கிறதே என்று தடித்த போர்வை ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் தொங்கவிட்டார். இருமல் கூடியது. இன்னொரு போர்வை வந்தது. இருமல் இன்னும் கூடியது. கடைசியில் அறையே மெத்தைக் கடை மாதிரி ஆகிவிட்டது. நல்ல மனசு படுத்துகிற பாடு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

அப்போதுதான் கோர்ட்டுக் காட்சி வந்தது. கதாநாயகி ஒரே மூச்சில் பொரிந்து தள்ள வேண்டும். அக்காவுக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கியது.

"திங்கக்கிழமை கடைசியா ஒரு தடவை பாக்கலாம்மா. சரியா வரலைன்னா வேற பொண்ணு ரெடியா இருக்கு," என்றார் தயாரிப்பாளர்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்தக் குரலை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு நேரே டாக்டரிடம் போனாள்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, டாக்டர் அவள் கையில் விதவிதமான மருந்துத் துளிகளை வைத்துச் சின்னச் சின்னதாகக் குத்திப் பார்த்தார். ஓர் இடம் மட்டும் கொசு கடித்த மாதிரி தடித்தது.

"கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிம்மா. மெத்தை, போர்வை, கம்பளம்னா அதுக்குக் கொண்டாட்டம். நீங்க வேலை பாக்குற எடத்துல அந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் கழட்டுங்க," என்றாள் என்ஜினியரிடம்.

"ஐயோ அக்கா, கெணத்துக்குள்ள பேசற மாதிரி கேக்கும்!"

"துவைச்சு மறுபடியும் மாட்டலாம். கடைசியா எப்ப துவைச்சீங்க?"

"துவைக்கறதா? இதையா?"

போர்வைகள் மூட்டை மூட்டையாகச் சலவைக்கடைக்குப் போயின. கை வைக்க முடியாத சூட்டில் துவைக்கும்வரை அக்கா அங்கிருந்து நகரவில்லை. தரைக் கம்பளம் வெளியே போனது. அறை முழுவதையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, துவைத்த போர்வைகளை மறுபடியும் மாட்டினார் என்ஜினியர். டாக்டர் மாற்றிக் கொடுத்த மருந்தையும் அவள் வேளை தவறாமல் எடுத்தாள்.

திங்கட்கிழமை வெறுந்தரையில் சத்தம் வராமலிருக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு மைக் முன்னால் நின்றாள். கோர்ட்டுக் காட்சி ஓடியது. கடைசி வார்த்தைவரை மூச்சு உடையவில்லை. முடித்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம், கண்கூடக் கலங்கிவிட்டது.

"பிரமாதம்மா! நாளைக்கு வந்துருங்க," என்றார் தயாரிப்பாளர்.

"வர்றேன். ஆனா இந்தப் போர்வையெல்லாம் மாசாமாசம் சலவைக்குப் போகணும். கம்பளம் உள்ள வரக்கூடாது."

"இல்லன்னா?"

"இல்லன்னா அந்தப் பொண்ணையே கூப்பிட்டுக்குங்க. ஆனா துவைச்சுட்டுக் கூப்பிடுங்க. அவளுக்கும் மூக்கு இருக்கு."