பட்டாபிராமில் ஒரு ஏ டிரைவ்

ஃப்ளாப்பி காலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: நாம் போய் நின்றால் மெஷின் சமர்த்தாக ஓடும், நாம் பஸ் ஏறியதும் படுத்துக்கொள்ளும். என்னிடம் மட்டும் அதன் பாச்சா பலிக்காது என்று அம்பத்தூர் ஆபீசில் மார்தட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் ஸ்டெல்லா டீச்சர் வேலை என் தலையில் விழுந்தது. பட்டாபிராமில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய டீச்சர், பாதி டைப்ரைட்டர்களை விற்று ஒரே ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து அதை மந்திரிப்பதாக ஏற்பாடு. பெற்றோர்கள் அது ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். ஓடாவிட்டால் இன்ஸ்டிடியூட்டை இழுத்து மூட வேண்டியதுதான்.

கூடவே வந்த அட்டை

சனிக்கிழமை காலை போனேன். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. முகப்பில் ஃப்ளாப்பி செருகும் வாயான ஏ டிரைவில், அதை எழுப்பும் புரோகிராம் உள்ள டாஸ் ஃப்ளாப்பி போட்டால்தான் கண் விழிக்கும். டீச்சர் முந்தின நாளே ஸ்விட்ச் போட்டுப் பார்த்துவிட்டார். டிரைவ் கறகறவென்று கத்தியதே தவிர, எதுவும் வரவில்லை.

"ஃப்ளாப்பி போட்டீங்களா?" என்றேன். "கம்பெனியிலயே உள்ள போட்டுத்தான் அனுப்பியிருக்காங்க" என்றார். டிரைவைத் திறந்து இழுத்தேன். வந்தது வெறும் அட்டை. லாரியில் வரும்போது டிரைவ் அடிபடாமல் இருக்கச் செருகி அனுப்புவார்கள், வந்ததும் எடுத்துவிட வேண்டும். டீச்சரின் கணவர் ஆரோக்கியராஜுக்கு ரயில்வேயில் வேலை. கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சண்டை போட்டவர், அட்டை விஷயத்தில் மட்டும் மனைவி பக்கம் நின்றார்: "ஃப்ரிட்ஜ் வாங்கி மூணு வருசம் ஆவுது, இன்னும் கவரைக்கூடப் பிரிக்கல. அது ஓடிகினு இல்லியா சார்?"

பக்கத்து மில்

பெட்டியில் தனியாகக் கிடந்த டாஸ் ஃப்ளாப்பியைப் போட்டதும் கம்ப்யூட்டர் கண் விழித்தது. மத்தியானம் வேறு கூத்து. டீச்சர் ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் திரை அணைந்து, எல்லாம் முதலிலிருந்து கிளம்பியது. நான் காதைத் தீட்டினேன். பக்கத்தில் முனுசாமியின் மாவு மில்லில் மோட்டார் உறுமும்போதெல்லாம் இங்கே பல்பு மங்கியது, கம்ப்யூட்டர் செத்துப் பிழைத்தது. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் லைனை மாற்றிக் கொடுக்க எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமைதான் வருவார். ஞாயிறு காலை மட்டும் மில்லை நிறுத்தச் சொல்லி முனுசாமியிடம் போய் நின்றேன். ஊரில் பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம், மிடுக்குக்குக் குறைச்சல் இல்லை. "நிறுத்துறேன். ஆனா உன் மெஷினவிட என் மெஷின்தான் பெருசுன்னு ஒத்துக்கினு போ நைனா."

பொட்டு வைத்த ஃப்ளாப்பி

ஞாயிறு காலை கூடம் நிறைய ஜனம். ஃபாதர் தீர்த்தம் தெளிப்பார் என்று முன்யோசனையாக, ஆரோக்கியராஜைக் கெஞ்சி அந்த ஃப்ரிட்ஜ் கவரைப் பிரித்துக் கீபோர்டின் மேல் விரித்திருந்தேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. முனுசாமி மில் சாவியை ஆட்டிக்கொண்டு மனைவி, மகளோடு வந்து நின்றார். டீச்சர் மேஜை மேலிருந்த ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். டிரைவ் இருமியது. திரையில் டிஸ்க் எரர். டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. "அன்னிக்கே சொன்னேன்" என்று ஆரோக்கியராஜ் முணுமுணுத்தார்.

ஃப்ளாப்பியை உருவினேன். உறையில் ஒரு நீளத் திறப்பு இருக்குமே, விரல்கூடப் படக் கூடாத இடம், அதில் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். நல்லபடியாக நடக்கட்டும் என்று முனுசாமியின் மனைவி வைத்தது. "பொட்டு வெக்கன்னே எடம் உட்டுகீறாங்களே சார்" என்றார் அந்த அம்மா.

என் பையில் இன்னொரு டாஸ் ஃப்ளாப்பி இருந்தது. ஆனால் டிரைவுக்குள்ளே ஃப்ளாப்பியைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் ஒட்டியிருக்கும் சந்தனம் அதையும் கெடுத்துவிடும். ஊரே பார்க்க ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்தேன். சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. என் ஃப்ளாப்பியைப் போட்டு மறுபடி ஸ்விட்சைத் தட்டினேன். டிரைவ் ஓடியது. கறுப்புத் திரையில், ரெடி என்பதற்கு அடையாளமாக 'ஏ' வந்து நின்றது. டீச்சர் அழுதேவிட்டார். பாராட்டை வாங்கிக்கொள்ள நான் எழுந்து நிற்பதற்குள், முனுசாமியின் மனைவி மகளை முன்னே தள்ளினார்: "பொட்டு வெச்சதாலதான் ரெண்டாவது தபாவுலயே எந்திரிச்சுது. எம் பொண்ணு பேரை மொதல்ல எழுதிக்கோங்க டீச்சர்."

அன்று முதல் என் சர்வீஸ் பையில் ஸ்பிரிட், பஞ்சு, டாஸ் ஃப்ளாப்பியோடு ஒரு சந்தன வில்லையும் உண்டு. எதனால் ஓடியது என்பதை வாடிக்கையாளரே முடிவு செய்துகொள்ளட்டும்.