இன்ஸ்பெக்டர் வந்தால் என் மகனுக்குக் காய்ச்சல்

போன வாரம், மலாக்காவில், எங்கள் காஜா பேராங் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. தலைமை வாத்தியார் சொல்லி அனுப்பியிருந்தார் — "திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு. தம்பி வீட்டுலயே இருக்கட்டும். கேட்டா காய்ச்சல்னு சொல்லிக்கிறோம்."

தம்பி என்றது என் மகன் முத்தையாவை. ஒன்பது வயது. சிறு வயதில் இரண்டு காதிலும் சீழ் வைத்து, கேட்கும் சக்தி போய்விட்டது. அதற்கு முன்பே பேச்சு வந்துவிட்டதால் பேசுவான். எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வான். மீதியை ஊகித்துக்கொள்வான்.

வருஷா வருஷம், இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும் தவறாமல் அடிக்கிற காய்ச்சலை எந்த டாக்டராவது பார்த்ததுண்டா? எங்கள் வாத்தியார் பார்த்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் வைக்கும் பரீட்சையில் பிள்ளைகள் தேறினால்தான் பள்ளிக்கூடத்துக்கு மானியம். தேறாத பிள்ளை...? சோதனைக்கு அதிகாரி வரும்போது சில கடைக்காரர்கள் புழுத்த அரிசி மூட்டையைப் பின்கட்டுக்குத் தள்ளுவார்கள். அதே வித்தைதான். நானும் மளிகைக் கடைக்காரன், எனக்குத் தெரியாதா?

செய்தி கேட்டு என் மைத்துனர் குதித்தார். அவர் அரசாங்கக் கச்சேரியில் கிராணி, அதாவது குமாஸ்தா. இங்கிலீஷ் தெரிந்தவர். ஆகவே எல்லாம் தெரிந்தவர்.

"நான் அப்பவே சொன்னேன் மச்சான்! டவுன்ல இங்கிலீஷ் ஸ்கூல் இருக்கு. கல் கட்டடம், சிமெண்டுத் தரை. நீங்க இந்தப் பட்டிக்காட்டுக் கம்போங் பள்ளிக்கூடத்தையே கட்டிக்கிட்டு அழுவுங்க!"

என் மனைவி, "தமிழே பாதிதான் புரியுது புள்ளைக்கு. இங்கிலீஷு என்னாத்துக்குண்ணே?" என்றாள். எதிர்வீட்டு மலாய்க்காரச் சிட்டி அம்மாள் பையனைப் பார்த்து, "காசியான்..." என்று இரக்கப்பட்டு ஒரு தட்டு குவே பலகாரம் கொடுத்தனுப்பினாள். அந்த வாரம் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் வயிற்றுக்கு உதவியது அது ஒன்றுதான்.

எனக்கோ தூக்கம் போயிற்று. மாற்றினால் அங்கே அடிப்பார்களோ? மாற்றாவிட்டால் நாளைக்குப் பையன் என்னைத் திட்டுவானோ? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூட வாசலைக் கண்டாலே இன்றைக்கும் ஒதுங்கித்தான் நடப்பேன்.

இன்னொரு குடைச்சலும் இருந்தது. முத்தையாவின் வகுப்பு வாத்தியார் கடை முதலாளியான என்னிடம் அடிக்கடி சொல்வார் — "தவுக்கே, பின்னால போய்க் கூப்பிட்டா டக்குனு திரும்புறான். காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. திமிரு!" படித்தவர் சொல்கிறார்... ஒருவேளை நடிக்கிறானோ என்று நானே சில நாள் பிள்ளையைச் சந்தேகமாகப் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை ரிக்‌ஷா பிடித்து நான், மைத்துனர், பையன் மூவரும் அந்த இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போனோம். ஹெட்மாஸ்டர் தமிழர்தான். ஆனால் தமிழ் பேசினால் கழுத்து டை அவிழ்ந்துவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருக்க வேண்டும். மைத்துனர்தான் மொழிபெயர்த்தார். பையன் கூப்பிட்டால் திரும்புவான் என்றும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

ஹெட்மாஸ்டர் எழுந்து முத்தையாவின் பின்னால் போய் நின்றார். "பாய்!" என்றார். அசையவில்லை. "பாய்!!" என்று கத்தினார். வாசலில் நின்ற பியூன் ஓடி வந்தான். முத்தையா சுவரில் தொங்கிய தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உடனே தீர்ப்பு. மந்த புத்தி. சின்னப் பிள்ளைகள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரலாம். சத்தம் போடமாட்டான் அல்லவா? அது போதும்.

வெளியே வந்ததும் பையன் முகத்துக்கு நேரே குனிந்து, "ஏண்டா திரும்பல? அங்க வாத்தியார் கூப்பிட்டா திரும்புறியாமே?" என்று கேட்டேன்.

"இங்க தரை ஆடலியேப்பா" என்றான்.

எனக்குச் சற்று நேரம் பிடிபடவில்லை. பிறகு பொட்டில் அறைந்த மாதிரி விளங்கியது. எங்கள் கம்போங் பள்ளிக்கூடம் மரக்கால் மேல் பலகை போட்ட கட்டடம். வாத்தியார் ஓர் அடி வைத்தால் பலகை அதிரும். அந்த அதிர்வு பிள்ளையின் பாதத்தில் ஏறும், அவன் திரும்பிப் பார்ப்பான். அதைத்தான் அந்த மேதை காது என்று நினைத்தார். பலகை ஆடினால் திமிர். சிமெண்டு ஆடாவிட்டால் மந்தம். என்ன படிப்போ... என்ன பரிசோதனையோ!

வரும் வழியெல்லாம் மைத்துனர், "அட்மிஷன் கிடைச்சிருச்சுல்ல, அப்புறம் என்னா?" என்றார். கடைசி பெஞ்சில் ஒரு மூட்டையாகக் கிடப்பதற்குப் பெயர் அட்மிஷனாம்.

இரண்டு நாள் யோசித்தேன். தமிழ் பேசும் வாய்களைப் படிக்கவே அவனுக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. இங்கிலீஷ் வாய்க்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் கடைசி பெஞ்சிலிருந்து. செவிடான பிள்ளைக்கென்று இந்த மலாக்காவில் தனிப் பள்ளிக்கூடமும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் ஒளிந்து அல்ல.

திங்கட்கிழமை காலை நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன் பெஞ்சில் உட்கார வைத்தேன். வகுப்பு வாத்தியார் முகம் வெளுத்தது. இன்ஸ்பெக்டரின் கார் வாசலுக்கு வந்துவிட்டதால் என்னை விரட்ட நேரமில்லை. எதிர்க் கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்தேன். பிள்ளை அழுதால்...? மானியம் குறைந்து, ஊரே கோபித்து, என் கடைப் பக்கம் வராமல் போனால்...?

நடந்தது இவ்வளவுதான். வாசிப்பில் முத்தையா கொடுத்த பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்தான். சொல்வதெழுதலில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எப்படி எழுதுவான்? வாத்தியார் பெஞ்சுகளுக்குப் பின்னால் உலாத்திக்கொண்டே சொன்னாராம். பலகை ஆடியதைப் பையன் எழுதிக் காட்ட முடியுமா?

மாலையில் தலைமை வாத்தியார் கடைக்கே வந்துவிட்டார்.

"என்னா தவுக்கே, இப்படிச் சூசா பண்ணி மாட்டிவிட்டுட்டீங்க! சொல்வதெழுதல்ல ஒரு முட்டை விழுந்துபோச்சு."

"வாசிப்புல?"

"அது... நல்லாத்தான் வாசிச்சான். அதுக்கென்னா? இந்த மாதிரிப் புள்ளைக்கு வேற எடம் பாருங்களேன்."

"பார்த்துட்டேன் சார். அங்க சிமெண்டுதான் நல்லாருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவன் முன் பெஞ்சுலயே இருக்கட்டும். பாடம் சொல்றப்போ வகுப்பு வாத்தியாரை, போர்டைப் பார்த்துச் சொல்லாம, வாயில அடக்குற வெத்தலையைத் துப்பிட்டு, அவனைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க."

"ஒரு புள்ளைக்காகவா? மத்தப் புள்ளைங்கல்லாம் என்னாகிறது?"

"மத்தப் புள்ளைங்களுக்கும் வாத்தியார் மூஞ்சி தெரியுமே சார். நட்டமா?"

யோசிக்கிறேன் என்று போனார். அவர் யோசித்து முடிக்கட்டும். முத்தையா மறுநாளும் போனான், முன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

ஒரு பிள்ளைக்காக வாத்தியார் முகத்தைத் திருப்ப முடியாதாம். வாத்தியாருக்காகப் பிள்ளை மட்டும் பள்ளிக்கூடத்தையே மாற்ற வேண்டுமாம்!