வெண்கட்டிக் கோடு

யாழ்ப்பாணத்தில் நான் நடித்த நாடகத்துக்கு லைட் போட்டவர் அவர். மெலிந்த, களைத்த மனிதர். நாங்கள் நிற்கவேண்டிய இடங்களை மேடையில் வெண்கட்டியால் கீறி வைப்பார். அந்தப் பழக்கத்தில், கதைக்கும்போதும் எங்கள் கால்களையே பார்ப்பார்.

முதல் நாள் என் அழுகைக் காட்சியை எல்லோரும் பாராட்டினார்கள். முகம் அப்படித் துலங்கியதாம். மேடைக்குப் பின்னால் அவர் வாளித் தண்ணீருக்குள் கையை வைத்தபடி இருந்தார்.

"கைக்கு என்ன அண்ணை?"

"நீங்கள் கோட்டிலையிருந்து ரெண்டடி தள்ளி நிண்டிட்டியள். முகத்திலை வெளிச்சம் விழாது. லைட்டைத் திருப்பி இறுக்க நேரமில்லை. அழுது முடியுமட்டும் கையாலை பிடிச்சனான். சூடுதானே."

நான் மன்னிப்புக் கேட்குமுன் என் கால்களைப் பார்த்தார்.

"நாளைக்கும் அங்கைதான் நிப்பியளோ? சொன்னால் மாத்திக் கீறிவிடுறன்."

எல்லோரும் பாராட்டிய அந்த முகத்தை அவர் ஒருதடவையாவது பார்த்தாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது.